காடில்லாத ஊரின் மரங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் காடு இல்லை. சுண்ணாம்புக் கல்லின்மேல் ஒரு மண் போர்வை. அந்த மண்ணிலே தோட்டங்கள், பனங்கூடல்கள், வடலிகள். வைரம் பாய்ந்த பெருமரம் வேண்டுமென்றால் ஆனையிறவைத் தாண்டி வன்னிக்குத்தான் போக வேண்டும். ஆனாலும், எங்கள் பாட்டன்மார் கட்டிய கல்வீடுகளுக்குள் நின்று அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே ஒரு காடு இருந்தது. தீராந்திகள் முதிரை. விறாந்தைத் தூண்கள் பாலை. வளையும் சிலாகையும் பனை. கதவுகளும் நிலைகளும் வீட்டுக்காரரின் வசதிக்கேற்ப முதிரையாகவோ வேம்பாகவோ இருக்கும்.

அந்த வீடுகளிற் பல இன்று இல்லை. போர் தின்றது ஒரு பங்கு. ஆளில்லாத காலம் தின்றது இன்னொரு பங்கு. ஆனால் அவற்றின் மரங்கள் முற்றாக அழிந்துவிடவில்லை. இடிபாடுகளுக்குள்ளும், பற்றைகளுக்கு அடியிலும், ஒரு காலத்தில் காவலரணாக இருந்த மண் அணைகளுக்குள்ளும் அவை இன்னமும் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது என்ற கேள்வி மீள்குடியேறிய பலருக்கும் வந்திருக்கும். எனக்கும் வந்தது. அதற்கு விடை தேடி ஒரு சிறிய மரக்காலையில் நான் கழித்த சில நாட்களைப் பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

முதலில் மரங்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். சுவருக்குச் சுவர் குறுக்கே போடும் உத்திரத்தை யாழ்ப்பாணத்தில் தீராந்தி என்போம். போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்களில் அதுவும் ஒன்று. தீராந்திக்கு உகந்த மரம் முதிரை. சிங்களத்தில் அது புருத்த. அதன் பொன்மஞ்சள் நிறமும் மினுக்கமும் கண்ட ஆங்கிலேயர், சற்றின் என்ற பட்டுத்துணியின் பெயரையே அதற்கு வைத்தார்கள். ஒரு கன அடி முதிரை ஏறத்தாழ 60 இறாத்தல் நிறை. தண்ணீரின் நிறைக்குச் சற்றே குறைவு. பாலையோ தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும். வன்னி வீதியோரங்களில் பாலைப்பழம் வாங்கி உண்டவர்கள் அந்த மரத்தின் இனிப்பை மட்டுமே அறிவார்கள். புகையிரதப் பாதைக்குச் சிலிப்பர் கட்டையாகக் கிடந்து, மழையிலும் வெயிலிலும் வண்டிகளின் பாரம் சுமந்ததும் அதே மரந்தான். இவை இரண்டுமே மிக மெதுவாக வளர்பவை. உலர்வலயக் காட்டில் ஒரு முதிரை தீராந்திப் பருமனுக்கு வருவதற்கு, நட்டவரின் ஆயுள் போதாது. அவருடைய மகனின் ஆயுளும் சிறிது வேண்டும்.

நிற்க. எங்கள் காணி வலிகாமம் வடக்கில் உள்ளது. 1990 ஆனி மாதம் ஊரோடு ஊராக நாங்கள் வெளியேறியபோது நான் பல்கலைக்கழக மாணவன். காணி விடுவிக்கப்பட்டது 2018 இல். இடையில் இருபத்தெட்டு ஆண்டுகள். உள்ளே போய்ப் பார்த்தபோது வீடு நின்ற இடத்தில் வீடு இல்லை. கிணறு இருந்தது. கிணற்றடியில் பட்டுப்போன ஓர் இலுப்பை நின்றது. காணியின் வடக்கு எல்லையோடு ஆளுயரத்துக்கு ஒரு மண் அணை, அதன்மேல் நாயுண்ணிப் பற்றை. அவ்வளவுதான்.

திரும்பக் கட்டுவதற்கு உடனே வசதி வரவில்லை. பிறகு கொள்ளைநோய்க் காலம். அதன் பின்னால் 2022 இன் பொருளாதார நெருக்கடி. இப்போதுதான் இரண்டு அறையும் ஒரு விறாந்தையுமாகச் சிறிதாக ஒரு வீடு எழும்புகின்றது. அத்திவாரம் வெட்டுவதற்காக மண் அணையைத் தள்ளியபோது உள்ளிருந்து மரங்கள் வந்தன. சதுரமாகச் செதுக்கிய முதிரைத் தீராந்திகள் மூன்று; தோல் உரித்த பாலைக் குற்றிகள் இரண்டு. மேலோட்டமான வெள்ளைப் பகுதியைக் கறையான் தின்றிருந்தது. வைரத்தில் அது வாயே வைக்கவில்லை.

தீராந்திகளைக் கழுவியபோது வாச்சியால் கொத்திய அடையாளங்கள் மீன் செதிள்போல் வரிசை வரிசையாகத் தெரிந்தன. அந்தக் காலத்துத் தச்சர்கள் எந்தத் தீராந்தி எந்தச் சுவருக்கு உரியது என்று அறிய, முனையில் தமிழ் இலக்கம் வெட்டி வைப்பார்கள். ஒன்றில் ௩ என்றும் மற்றொன்றில் ௪ என்றும் இருந்தன. ௪ எழுதிய தீராந்தியின் விளிம்பில், கயிறு அறுத்த தடம் ஒன்று விரல் பதியும் ஆழத்துக்கு இருந்தது. அதைப் படமெடுத்துக் கொழும்புக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எண்பத்துநான்கு வயது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிறிது நேரம் பார்த்தார்.

“உங்கள் மூண்டு பேருக்கும் அதிலைதானே ஏணை கட்டினது” என்றார்.

மூன்றாவது தீராந்தி எங்களுடையது அல்ல. அதில் இலக்கம் இல்லை. இரண்டு எழுத்துகளும் 1934 என்ற ஆண்டும் அழகாகச் செதுக்கப்பட்டிருந்தன. அந்த எழுத்துகளையும் அம்மாவே வாசித்துச் சொன்னார். எங்கள் ஒழுங்கைக்கு வடக்கே இரண்டு ஒழுங்கை தள்ளியிருந்த வாத்தியார் வீட்டுத் தீராந்தி அது. எத்தனையோ வீடுகளின் மரங்கள் ஓர் அணைக்குள் சேர்ந்து கிடந்திருக்கின்றன.

மரம் வெளியே வந்த செய்தி ஊரில் பரவ அதிக நேரம் எடுக்கவில்லை. முதலில் வந்தவர் விறகு வியாபாரி. வெதுப்பகத்துக்கு ஏற்றுவதற்குப் பாலையைப் போல விறகு கிடையாது என்று சொல்லி, ஒட்டுமொத்தமாக ஒரு விலை பேசினார். இரண்டாவதாக வந்தவர் பழைய சாமான் எடுப்பவர். அவருக்கு முதிரை மட்டும் போதும். வாச்சி கொத்திய அடையாளத்துடன் அப்படியே இருந்தால் தென்னிலங்கையின் உல்லாச விடுதிகளில் நல்ல கேள்வி இருக்கின்றதாம். அவர் சொன்ன விலை விறகுக்காரரின் விலையைப்போல் பல மடங்கு. அதையும் மறுத்துவிட்டேன்.

குடும்பத்துக்குள்ளும் ஒரு பேச்சு எழுந்தது. லண்டனில் இருக்கும் அண்ணா மரத்தில் வாள் வைக்கவே கூடாது என்றார். முழுத் தீராந்தியாகவே விறாந்தையில் வைத்தால் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள் என்பது அவருடைய எண்ணம். ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி, அரிந்து ஏதாவது உபயோகமாகச் செய்யுங்கள் என்றாள். இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஒருமுறை அரிந்த மரத்தை மறுபடி ஒட்ட முடியாது. அரியாத மரம் வெறும் காட்சிப்பொருளாகிவிடும். முடிவை அம்மாவிடம் விட்டோம்.

“தீராந்தியாய் இருந்தது நிலத்திலை கிடந்து என்ன செய்யப்போகுது? கதவுநிலை ஆக்கு. போற வாற ஆக்கள் தொடட்டும்.”

அதற்குமேல் பேச்சில்லை.

இலங்கையில் மரத்தை வெட்டுவதும் ஏற்றிச் செல்வதும் நினைத்தபடி செய்யக்கூடியவை அல்ல. 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டம் முதல், பலாவையும் ஈரப்பலாவையும் பெண்பனையையும் காக்கும் 1951 ஆம் ஆண்டின் சட்டம் வரை பல விதிகள் உள்ளன. பழைய வீட்டு மரம் என்பதற்குக் கிராம அலுவலரிடம் உறுதிக் கடிதம் பெற்று, அனுமதி வாங்கிய பிறகே உழவு இயந்திரப் பெட்டியில் மரத்தை ஏற்றினோம். கிணற்றடி இலுப்பையையும் தறித்துச் சேர்த்துக்கொண்டோம்.

காங்கேசன்துறை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில் இருந்தது அந்த மரக்காலை. தகரக் கொட்டகை. ஒரு வட்டவாள். இரண்டு பெரிய சில்லுகளைச் சுற்றி ஓடும் பட்டைவாள் ஒன்று. குற்றியை ஏற்றித் தள்ளுவதற்குச் சிறு தண்டவாளத்தில் ஓடும் ஒரு வண்டி. முதலாளிக்கு அறுபது கடந்திருக்கும். அவருடைய தகப்பனார் குழிவாள்காரர். நிலத்தில் ஆளுயரக் குழி வெட்டி, மரத்தைக் குறுக்கே கிடத்தி, ஒருவர் மேலே நின்றும் ஒருவர் குழிக்குள் நின்றும் நெடுவாளை இழுத்த காலத்தவர். மேலே நிற்பவர் கோட்டைப் பார்த்துக்கொள்வார்; கீழே நிற்பவருக்குக் கண்ணிலும் மூக்கிலும் தூள்தான். தகப்பனார் கீழேதான் நின்றாராம்.

மரங்களைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “தம்பி, உது வெறும் மரமெண்டால் நான் ஒண்டும் கேக்கமாட்டன். உதுக்குள்ளை என்ன கிடக்குதெண்டு ஆருக்குத் தெரியும்? வாள் முறிஞ்சால் வாளின்ரை காசு உங்கடை கணக்கு. சம்மதமெண்டால் இறக்குங்கோ.”

சம்மதித்தேன்.

முதலில் அளந்தார். உருண்டைக் குற்றிகளை அளக்கும் முறை இன்றும் ஆங்கிலேயர் காலத்து முறையே. சுற்றளவை நாலால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவது. பெரிய பாலைக் குற்றியின் சுற்றளவு 60 அங்குலம். நாலில் ஒன்று 15. எட்டு அடி நீளத்துக்கு 12½ கன அடி என்று எழுதிக்கொண்டார். உண்மையில் அந்தக் குற்றிக்குள் 16 கன அடி அளவு மரம் இருக்கும். ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலாகக் கணக்கில் வராமல் விடப்படுகின்றது. அது வியாபாரத் தந்திரம் அல்ல. உருண்டையான மரத்தைச் சதுரமாக்கும்போது ஓரத்தில் போகும் சேதத்துக்காக விடும் கழிவு. கணக்கிலேயே இழப்பை ஒப்புக்கொள்ளும் அளவை முறை என்று சொல்லலாம்.

அடுத்த அரைநாள் வாள் ஓடவே இல்லை. கம்பித் தூரிகையும் தண்ணீரும் கொண்டு மண்ணைக் கழுவினார்கள். வெடிப்புக்குள் ஒட்டியிருக்கும் மணல், வாளின் பல்லை இரும்பைப் போலவே மழுக்கிவிடும். பிறகு முதலாளி உள்ளே போய் ஒரு கைக்கருவியை எடுத்துவந்தார். உலோகத்தைக் கண்டால் கீச்சிடும் கருவி. வாயிற் காவலர்கள் ஆட்களைச் சோதிக்கும் அதே கருவி. என் தலைமுறையினர் எத்தனையோ தடைமுகாம்களில் இரண்டு கைகளையும் விரித்து அதற்கு முன்னால் நின்றிருக்கின்றோம். இப்போது தீராந்தி நீட்டி நிமிர்ந்து கிடந்தது. கருவி அதன் உடம்பைத் தடவிச் சென்றது. கீச்சிட்ட இடங்களில் ஒரு பையன் வெண்கட்டியால் வட்டம் போட்டான். ௩ ஆம் இலக்கத் தீராந்தியில் பதினொரு வட்டங்கள். ௪ இல் நான்கு.

வட்டமிட்ட ஒவ்வோர் இடத்தையும் உளியால் திறந்தார்கள். பழைய ஆணிகள் சில. மற்றவை குண்டுச் சிதறல்கள். புளியங்கொட்டை அளவிலிருந்து பெருவிரல் அளவு வரை. அவற்றை ஒரு பால்மா தகரத்தில் போட்டுக்கொண்டு வந்தான் பையன். தகரம் ஏற்கெனவே பாதி நிறைந்திருந்தது. எங்களுக்கு முன்னால் வந்தவர்களின் மரங்களிலிருந்து எடுத்தவை.

இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய சங்கதி அல்ல. 1914 முதல் 1918 வரை நடந்த முதலாவது உலகப் போரின் களமாக இருந்த பிரான்சின் வடகிழக்குப் பகுதியில், வெர்டன் போன்ற இடங்களின் காடுகளில் நின்ற மரங்கள் சிதறல்களை உள்வாங்கிக்கொண்டு வளர்ந்தன. அப்படிப்பட்ட மரத்துக்குப் பிரெஞ்சு மர வியாபாரத்தில் தனிப்பெயரே உண்டு, விலையும் குறைவு. போர் முடிந்து தலைமுறைகள் கடந்த பிறகும் அங்குள்ள மர ஆலைகள் இரும்புக்கு அஞ்சியே வாள் வைத்தன. பாரிஸ் நகரில் வாழும் எங்கள் வாசகர்கள் அந்தப் பக்கம் போனால், தங்கள் ஊர் மரங்களின் உறவினர் அங்கே நிற்பதை எண்ணிக்கொள்ளலாம்.

கருவி மேற்பரப்பிலிருந்து ஓர் எல்லை வரைக்குந்தான் அறியும். அதற்கு அப்பால் கண்ணும் பழக்கமுந்தான் துணை. இரும்பும் மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலக் கறை உண்டாகும். அந்தக் கறை இரும்பிலிருந்து மரத்தின் நார் வழியே மேலும் கீழும் நீண்டு செல்லும். எங்கள் இலுப்பையின் வெட்டுமுகத்தில் அப்படியொரு கறை, மை சிந்தினாற்போல் இருந்தது. வெளியே தோலில் காயத்தின் அடையாளமே இல்லை, கருவியும் பேசவில்லை.

“செத்த மரம் காட்டிக் குடுத்திடும், தம்பி. உயிரோடை நிண்ட மரந்தான் மறைச்சு வைச்சிருக்கும்” என்றார் முதலாளி.

அவர் சொன்னதன் பொருள் எளிது. வீட்டில் ஏறிய தீராந்தி வளராது. பட்ட துளை துளையாகவே இருக்கும். நிலத்தில் நிற்கும் மரம் காயத்தைச் சுற்றிப் புதிய மரத்தை வளர்த்து மூடிவிடும். வெளியே தோலும் வந்து சேர்ந்துவிட்டால் எதுவும் தெரியாது. அந்த இலுப்பையில், தோலுக்கு நான்கு அங்குலம் உள்ளே இரும்பு இருந்தது. நல்ல வாளைக் கழற்றி வைத்துவிட்டுத் தேய்ந்த வாளொன்றை மாட்டித்தான் அதை அரியத் தொடங்கினார்கள். அப்படியிருந்தும் ஒரு கீச்சொலி; உடனே இயந்திரத்தை நிறுத்தினார்கள். ஏழு பற்கள் போயிருந்தன. மீதியைக் கோடரியால் பிளந்து இரும்பை எடுத்தார்கள். வாளுக்கு அரம் போட ஒரு மாலைப்பொழுது சென்றது. அதற்குரிய காசைக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நியாயமான காசுதான்.

மறுநாள் முதிரை. எந்த வாளில் அரிவது என்பதை முதலாளி ஒரு சிறு கணக்கால் விளக்கினார். வட்டவாள் ஒவ்வோர் ஓட்டத்திலும் கால் அங்குல மரத்தைத் தூளாக்கிவிடும். பட்டைவாள் தின்பது அதில் பாதி. ஏழு அங்குலத் தடிப்புள்ள தீராந்தியை ஓர் அங்குலப் பலகைகளாக அரிந்தால், வட்டவாளில் ஐந்து பலகை, பட்டைவாளில் ஆறு. ஒரு வாளுக்கும் மற்ற வாளுக்கும் இடையிலான வித்தியாசம் பதினான்கு அடி நீள முதிரைப் பலகை ஒன்று. புதுமரமென்றால் இந்தக் கணக்கை யாரும் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதில்லை. இந்த மரத்துக்குப் பார்க்கத்தான் வேண்டும்.

வேலையாட்கள் கைகளில் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டார்கள். முதிரைத் தூள் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். நல்லெண்ணெய் விளக்கைப்போல் மினுங்கும் மரத்துக்கு இப்படியும் ஒரு குணம். தீராந்தி ஒன்றின் நிறை 165 கிலோவுக்குக் குறையாது. நான்கு பேர் சேர்ந்து தூக்கி வண்டியில் வைத்தார்கள். ஆசாரியார் நூலில் கரி தோய்த்து, இழுத்துப் பிடித்து, ஒருமுறை சுண்டினார். வாச்சி கொத்திய பழைய முகத்தின்மேல் நேர்கோடு ஒன்று விழுந்தது.

உலர்ந்து முற்றிய மரத்தை அரிவதற்கும் பச்சை மரத்தை அரிவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. பச்சை மரத்தில் வாள் வேகமாக ஓடும். இதில் வேகமாகத் தள்ளினால் வாள் சூடேறி அலையத் தொடங்கும், பலகை கோணிவிடும். வாளின்மேல் துளித்துளியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே, வண்டியை எறும்பு ஊர்வதுபோல் நகர்த்தினார்கள். எனக்குப் பொறுமை போதவில்லை என்று முகத்தைப் பார்த்தே முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“அவசரப்படாதேங்கோ. நூறு வருசம் பொறுத்த மரம், இண்டைக்கு ஒருநாள் பொறுக்கும்.”

முதற் பலகையை விலக்கியபோது கொட்டகைக்குள் ஒரு வாசனை எழுந்தது. தொண்ணூறு ஆண்டுகள் கூரைக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கிடந்த மரத்துக்கு இன்னமும் வாசனை இருக்கும் என்று நான் எண்ணியிருக்கவில்லை. வெளியே சாம்பல் பூத்துக் கறுத்திருந்த தீராந்தியின் உள்முகம் அன்றைக்குத்தான் வெட்டியதுபோல் பொன்மஞ்சளாக இருந்தது. முதிரையின் நார் ஒருமுறை வலமாகவும் மறுமுறை இடமாகவும் திரும்பித் திரும்பி வளர்கின்றது. அதனால் நடுவிலிருந்து வெளியை நோக்கி அரிந்த முகத்தில் வெளிச்சம் படும்போது, பட்டுச்சேலையின் மடிப்புப்போல் ஒரு பட்டி மின்னும். அடுத்த பட்டி மங்கும். சாய்ந்து பார்த்தால் மின்னியது மங்கும், மங்கியது மின்னும். வேலையாட்களும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

௩ ஆம் தீராந்தி ஆறு பலகைகளாயிற்று. சிதறல் பட்ட இடங்களில் துளைகள் இருந்தன. துளைகளைச் சுற்றி நீலம் பாரித்திருந்தது. அவற்றை அடைத்து நிறம் பூசலாம் என்றார் ஆசாரியார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ௪ ஆம் தீராந்தியை நீளவாக்கில் நான்காகப் பிளந்து, ஒவ்வொன்றையும் ஏழடியாகத் துண்டித்து, எட்டுச் சட்டங்கள் எடுத்தோம். கயிறு அறுத்த தடம் இருந்த விளிம்பில் மட்டும் வாள் படவில்லை. அந்தச் சட்டம் தலைவாசல் நிலையின் மேற்கட்டையாகும். பாலைக் குற்றிகள் விறாந்தைத் தூண்களாயின. இலுப்பையிலிருந்து, இரும்பு கிடந்த பகுதியை நீக்கியபின், ஒரு வாங்குக்கும் ஒரு சாமிப்படத் தட்டுக்கும் மட்டுமே பலகை கிடைத்தது.

மூன்றாவது தீராந்தியின் முறை வந்தபோது வேலையை நிறுத்தச் சொன்னேன். வாத்தியாரும் மனைவியும் காலமாகிவிட்டார்கள். மகள் பாரிசுக்கு வெளியே வசிக்கின்றார் என்பதை இரண்டொரு உறவினர் மூலம் அறிந்து, வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பினேன். அன்றிரவே அழைப்பு வந்தது. தகப்பனாரின் எழுத்தைத் திரையிற் பார்த்துவிட்டு அவர் முதலில் ஒன்றும் பேசவில்லை. தங்கள் வீட்டிலிருந்து ஒரு கோப்பைகூடத் தன்னிடம் இல்லை என்றார். பிறகு சொன்னார்:

“அண்ணா, அதை அரியாதேங்கோ. எங்கடை காணி விட்டபிறகு, அங்கை கொண்டுபோய் வைச்சுப்போட்டு யோசிப்பம்.”

அவர்களுடைய காணி இன்னமும் விடுவிக்கப்படாத பகுதிக்குள் இருக்கின்றது. எங்களுடையதற்கும் அதற்கும் இடையில் இரண்டு ஒழுங்கைகளும் ஒரு முட்கம்பி வேலியுந்தான். முதலாளியிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் வாடகை எதுவும் பேசவில்லை. தீராந்தியைக் கொட்டகையின் பின்புறம், நிலத்தில் படாமல் மூன்று கற்களின்மேல் ஏற்றி, வெடிக்காதிருக்க இரு முனைகளுக்கும் மை பூசி, உரியவரின் பெயரை வெண்கட்டியால் எழுதி வைத்தார்.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்கு 1990 இல் தடை விதிக்கப்பட்டது. அது நல்ல தடை. ஆனால் வைர மரத்தின்மேல் உள்ள ஆசை அந்தத் தடையோடு அடங்கிவிடவில்லை. வன்னிக் காட்டில் களவாக வெட்டிய முதிரைக் குற்றிகளுடன் வாகனம் பிடிபட்டது என்ற செய்தியை, பத்திரிகை மேசையில் இருந்த காலத்தில் எத்தனை முறை திருத்திப் பிரசுரத்துக்கு அனுப்பியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. பெயரும் இடமும் மாறும், செய்தி மாறாது. அதே வேளையில் அதே மரம், அதைவிட முற்றிய மரம், எங்கள் இடிந்த வீடுகளுக்குள் விறகு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றது. பழைய தீராந்தியொன்றை அரிந்து புதிய நிலை செய்யும் ஒவ்வொரு வீடும், காட்டில் ஒரு முதிரையை விட்டுவைக்கின்றது. இன்று நடும் முதிரையில் தீராந்தி வெட்டப்போகிறவர் இன்னும் பிறக்கவில்லை.

இன்னொன்று, இந்த வேலையைச் செய்யும் கைகள் குறைந்துவருகின்றன. பெரிய மர ஆலைகள் இத்தகைய மரத்தை உள்ளே எடுப்பதில்லை. ஒரு வாள் முறிந்தால் அவர்களுக்கு ஒருநாள் வேலை போய்விடும். அரைநாள் கழுவி, அரைநாள் தடவி, உளியால் தோண்டி எடுக்கும் பொறுமை சிறிய மரக்காலைகளில்தான் இருக்கின்றது. நான் சொன்ன முதலாளியின் மகன் கனடாவில். வெண்கட்டியால் வட்டம் போட்ட பையனும் கடவுச்சீட்டு எடுத்து வைத்திருக்கின்றான். மரத்தின் கறையைப் பார்த்து உள்ளே கிடக்கும் இரும்பைச் சொல்லும் அறிவு எந்தப் பாடப்புத்தகத்திலும் ஏறவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஊரிலுள்ள காணியைத் துப்புரவாக்கச் சொல்லிக் காசு அனுப்புகின்றீர்கள். அனுப்பும்போது, மரம் ஏதும் அகப்பட்டால் விற்கவேண்டாம், முதலில் படம் எடுத்து அனுப்புங்கள் என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள். முனைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்; இலக்கமோ எழுத்தோ இருக்கலாம். உங்களுடையது அல்லாத மரமாக இருந்தால் உரியவரைத் தேடுங்கள். ஊரைவிட்டு எவ்வளவு தூரம் சிதறியிருந்தாலும், எந்த வீட்டார் யார் என்று சொல்லக்கூடிய ஒரு கிழவி எங்காவது இருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

பலகைகள் இப்போது, இடையிடையே குச்சி வைத்து அடுக்கப்பட்டு, புதுவீட்டின் கூரை ஏறுவதற்காகக் காத்திருக்கின்றன. தலைவாசல் நிலை சென்ற மாதம் ஏற்றியாகிவிட்டது. வாத்தியார் வீட்டுத் தீராந்தி மட்டும் மரக்காலையின் பின்புறத்தில், அந்த மூன்று கற்களின்மேல் கிடக்கின்றது. மழைக்கு மேலே தகரம் போட்டிருக்கின்றார்கள். வெண்கட்டி எழுத்து மங்கும்போதெல்லாம் யாரோ மறுபடி எழுதிவிடுகின்றார்கள்.